செத்ததை முதலில் காட்டு

என் உத்தியோக காலத்தில் பாதியை விஷம் வைப்பதில் கழித்தேன். மாதா கோயில் வாசலில் யாரிடமாவது இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் வேலை அதுதான். மனிதச் செல்களைப் பிளாஸ்டிக் தட்டில் வளர்ப்பேன். வேளாவேளைக்குத் தீனி மாற்றி, உடம்புச் சூட்டிலேயே வைத்திருந்து, அவை தட்டு நிறைய வளர்ந்ததும் மருந்தை ஊற்றுவேன். எது சாகிறது, எது பிழைக்கிறது என்று மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பேன்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் என் இடத்துக்கு வந்த ஷர்மிளா, சில வாரங்களுக்கு முன் ஈப்போ குனோங் ராபாட்டில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். இனிமேல் அந்த மருந்து ஊற்றும் வேலை அங்கே குறைந்துவிடுமாம். வேண்டிய செல்லை வெளிநாட்டிலிருந்து தயாராகவே வரவழைத்துக்கொள்ளலாம், பெட்டியைத் திறந்து வளர்த்தால் போதும் என்றாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அக்கா, தேவகி அக்கா கேஸ எழுதிக் குடுங்களேன். புதுசா வர்ற பிள்ளைங்களுக்குத் தட்டுல இருக்கிறது ஒரு ஆளுன்னே தோண மாட்டேங்குது லா" என்றாள்.

நோயாளியின் அம்மா தேவகியிடம் கேட்டேன். "எழுதுங்கக்கா. பேர மட்டும் மாத்திடுங்க" என்றாள். எல்லோருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். நோயின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அவ்வளவு அரிய நோய்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரம் சீவினார்கள். நான் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடிப்பதற்குள் ரப்பரைச் சாய்த்துச் எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். ஆய்வுக்கூடப் படிப்பு படித்தேன். பல வருடம் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தேன். அதற்கப்புறம்தான் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் செல் வளர்க்கும் பிரிவுக்கு மாற்றலாகி, டாக்டர் ஜமீலாவிடம் வந்து சேர்ந்தேன்.

டாக்டர் ஜமீலா ஈப்போவில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். கட்டுரை எழுதுவது ஆங்கிலத்தில், கூட்டம் நடத்துவது மலாயில், என்னோடு தனியாக இருந்தால் தமிழ். குள்ளமான உருவம். தலையை மூடும் துடோங்கில் குத்திய ஊசியைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்துகொள்வார். கூடத்துக்குள் ஒருநாளும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நமக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாம் பிப்பெட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பும்வரை வாயைத் திறக்க மாட்டார். குரல் உயர்த்தவே தெரியாது. ஆனால் அவர் பின்னால் நின்றால் எனக்கு முதுகு வேர்க்கும்.

எந்தத் தட்டைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை மாறாது. "செத்ததை முதல்ல காட்டு."

இதைப் புரியவைக்க வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு செல்லுக்குள் புதிதாக ஒரு மரபணுவை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய் பரப்ப முடியாதபடி செய்த வைரஸ் ஒன்றில் அதை ஏற்றி அனுப்புவோம். எல்லாச் செல்லுக்கும் அது போய்ச் சேராது. எதற்குள் போனது, எதற்குள் போகவில்லை என்று பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் அந்த மரபணுவோடு, ஒரு குறிப்பிட்ட மருந்தைத் தாங்கும் சக்தியையும் சேர்த்து ஏற்றுவோம். எங்கள் கூடத்தில் பெரும்பாலும் புரோமைசின். மண்ணில் இருக்கும் ஒரு கிருமி தன் பிழைப்புக்காகச் சுரப்பது. அது பட்டால் செல்லுக்குள் புரதம் கட்டும் வேலை நடுவில் அறுந்து நின்றுவிடும். தாங்கும் சக்தியைப் பெற்றது பிழைக்கும். பெறாதது உருண்டு, சுருங்கி, தட்டிலிருந்து கழன்று தூசி மாதிரி மிதக்கும்.

எப்போதும் பக்கத்தில் இன்னொரு தட்டு இருக்கும். அதற்கு மரபணு கொடுத்திருக்க மாட்டோம். மருந்து மட்டும் அதே அளவு. அந்தத் தட்டில் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. அதில் எல்லாம் செத்திருந்தால்தான் மற்றதில் பிழைத்திருப்பதை நம்பலாம். டாக்டர் முதலில் கேட்பது அந்தத் தட்டைத்தான்.

ஒருமுறை ஒரு மாணவன் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்து, தன் தட்டில் நிறையச் செல் பிழைத்துவிட்டது என்று டாக்டரை இழுத்துக்கொண்டு போனான். பல மாத உழைப்பு. டாக்டர் வழக்கம்போல மற்றத் தட்டைக் கேட்டார். பார்த்தால் அதிலும் செல்கள் ஒய்யாரமாக ஒட்டிக்கொண்டிருந்தன. மருந்தைத் திரும்பத் திரும்ப உருகவைத்து, உறையவைத்து எடுத்ததில் அதன் வீரியம் போயிருந்தது. டாக்டர் மைக்ரோஸ்கோப்பை விட்டு விலகி நின்று, "இதெல்லாம் பிழைச்சதில்லப்பா. இன்னும் சாகாதது" என்றார். எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார். அந்தப் பையன் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தான். அவனுக்கு டாக்டரே கீழே கேன்டீனிலிருந்து தே தாரேக் டீ வாங்கி வந்து கொடுத்தார். கொட்டியது கொட்டியதுதான்.

கீர்த்தனாவின் கதை இதற்குச் சில வருடம் கழித்து நடந்தது.

குழந்தைகள் வார்டில் ஒரு சிறுமியிடம் தோல் துணுக்கு எடுக்கிறார்கள், காய்வதற்குள் கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் என்னை அனுப்பினார். தீனி நிரப்பிய குழாயோடு போனேன். கட்டிலில் கீர்த்தனா ஒருக்களித்துக் கிடந்தாள். நாலு வயதைத் தாண்டியிருந்தாள். முந்தின வருடம்வரை ஓடியாடி, தொலைக்காட்சி விளம்பரங்களைப் பாடிக் காட்டிய பிள்ளையாம். முதலில் அடிக்கடி விழுந்தாள். பிறகு சொற்கள் ஒன்றொன்றாகப் போயின. நான் பார்த்தபோது தலையைத் தூக்கவே தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் அவள் அம்மா தேவகி, இடுப்பில் ஒரு வயது மகன் கவினோடு நின்றாள். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வந்தவர்கள். கணவர் சேகருக்கு மீன் இறங்கும் துறையில் ஐஸ் உடைக்கும் வேலை.

"அக்கா தமிழா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்பாடா. இவங்க சொல்றதுல பாதி எனக்குப் புரியல. இந்தத் தோலக் கொண்டு போயி என்னக்கா செய்வீங்க?"

"வளர்ப்போம்."

"வளர்ப்பீங்களா? எதுல?"

"ஒரு தட்டுல. தீனி குடுத்து, சூடா வச்சிருந்து."

அவள் மகளைப் பார்த்தாள். "இங்க குடுக்கிற எதையும் இவ முழுங்க மாட்டேங்குறா. அங்கயாச்சும் சாப்பிடட்டும்" என்றாள்.

அன்றிலிருந்து நான் அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனேன். ஆய்வுக்கூட ஆள் நோயாளியோடு பழகுவது எங்கள் வழக்கம் இல்லை. ஆனால் சந்தேகம் வந்தால் கூப்பிட அவளுக்கு வேறு யாரும் இல்லை.

தோல் துணுக்கைத் தட்டில் ஒட்டிவைத்துக் காத்திருந்தேன். சில நாள் போனபின் அதன் ஓரத்திலிருந்து செல்கள் வெளியே ஊர்ந்து வந்தன. தோல் செல்கள் நீளமாக, இரண்டு முனையும் கூராக இருக்கும். ஆனால் கீர்த்தனாவின் செல்களுக்குள் குமிழி குமிழியாக அடைத்திருந்தது. வெளியேற வேண்டிய கழிவு வெளியேறாமல் தேங்கி நின்றது. அவை பெருகியதும் மந்தம். பாதுகாப்பாக உறையவைக்க இரண்டே குழாய்தான் தேறியது.

மருத்துவர்கள் அவள் மரபணு ஒன்றில் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியிலும் அது இருந்தது. ஆனால் அதே மாற்றம் வேறு எந்த நோயாளியிடமும் அதுவரை பதிவாகவில்லை. அதுதான் நோய்க்குக் காரணமா, அல்லது சும்மா கூட வந்து ஒட்டிக்கொண்ட ஒன்றா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பிறகு கவினின் ரத்தத்தைப் பார்த்தார்கள். அவனுக்கும் இரண்டு பிரதியிலும் அதே மாற்றம்.

கவின் அப்போது வார்டு முழுக்க நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடந்தான். குறை ஒன்றும் தெரியாது. அந்த மாற்றம்தான் குற்றவாளி என்றால் அவனும் அக்கா போன வழியில் போவான். குற்றவாளி இல்லை என்றால் பிழைத்தான். ரத்தத்தில் அளந்து சொல்லக்கூடிய வகை நோய் அல்ல அது. நோய் தலைகாட்டுவதற்கு முன்பே எலும்பு மஜ்ஜை மாற்றினால் தடுக்க ஒரு வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தச் சிகிச்சையே ஆளைக் கொன்றுவிடலாம். நன்றாக ஓடும் பிள்ளைக்குச் சந்தேகத்தின் பேரில் அதைச் செய்ய கோலாலம்பூர் மருத்துவர்கள் தயாராக இல்லை. "நிச்சயம் வேணும்" என்றார்கள்.

நிச்சயத்தை எங்கள் தட்டில்தான் தேட வேண்டியிருந்தது. கீர்த்தனாவின் செல்லுக்குள் நல்ல மரபணுவை அனுப்ப வேண்டும். அதை வாங்கிய செல்களில் குமிழி மறைந்தால், பழைய மரபணுதான் குற்றவாளி என்று அர்த்தம். மறையாவிட்டால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

தேவகியிடம் நான்தான் இதைத் தமிழில் சொன்னேன். அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள். "அப்ப இவ செல்லு குணமானா, தம்பிக்கு வரும்னு அர்த்தமா?"

"ஆமாம்மா."

"குணமாகலன்னா அவன் தப்பிச்சான்."

"தப்பிக்க வாய்ப்பு இருக்கு."

அவள் கீர்த்தனாவின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

முதல் குழாயை எடுத்து வேலையைத் தொடங்கினோம். ஆரோக்கியமான தோல் செல்களுக்கு எந்த அளவு மருந்து என்பது எங்களுக்குப் பழக்கம். அந்த அளவையே கொடுக்கலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். கீர்த்தனாவின் செல்கள் அதைத் தாங்கவில்லை. நல்ல மரபணுவை வாங்கிய செல்லும் செத்தது, வாங்காததும் செத்தது. ஒவ்வொரு தட்டாக எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தூசி மிதந்தது. இயல்பிலேயே நொடிந்துபோன செல்கள். நல்ல செல்லுக்கு உரிய விஷம் அவற்றுக்கு அதிகம்.

அந்த வாரமே கீர்த்தனா இறந்துபோனாள். மூச்சுக்குழலில் சளி அடைத்து, அம்மா மடியிலேயே. அவளுக்கு ஐந்து வயது முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

நானும் டாக்டரும் காரில் ஹுத்தான் மெலிந்தாங் போனோம். சவப்பெட்டி என் தையல் மெஷின் மேசை அளவுகூட இல்லை. சேகர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கைகளைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். தேவகி என்னைக் கண்டதும் எழுந்து வந்து, தோளைப் பிடித்துக்கொண்டு காதருகில் கேட்டாள்.

"அக்கா, உங்ககிட்ட இருக்கிறது இன்னும் உசுரோடதானே இருக்கு?"

உறைய வைத்த ஒரே ஒரு குழாய் மிஞ்சியிருந்தது. "இருக்கும்மா" என்றேன்.

சில நாள் கழித்து வீட்டுக்குப் போன் செய்தாள். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அக்கா, அந்த டெஸ்ட்டு 'இல்ல'ன்னு வரணும்னு விரதம் இருக்கேன். நீங்களும் உங்க சாமிகிட்ட வேண்டிக்கங்க" என்றாள். சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய் முழங்காலிட்டேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. பரிசோதனை பலிக்க வேண்டும் என்று கேட்டால் கவினுக்கு எதிராகக் கேட்டதாகும். பலிக்கக் கூடாது என்று கேட்டால், இனி ஊற்றப்போகும் மருந்தை வைத்துக்கொண்டு நான் பொய்யாக வேலை செய்ததாகும். ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் கேட்டேன். "இத இப்படியே விட்டுட்டா என்ன டாக்டர்? செல்லு தாங்கல, முடிவு கிடைக்கலன்னு எழுதிடலாம். அது பொய்யில்லையே."

டாக்டர் நின்றபடியே துடோங் ஊசியைச் சரிசெய்தார். "கடைசிக் குழாய் இருக்கே, பிலோ."

"அதுவும் செத்துப்போச்சுன்னா?"

"அப்ப முடிவு கிடைக்கலன்னு நானே எழுதறேன்." ஜன்னல் பக்கம் திரும்பினார். "அந்தப் பையன் தடுக்கி விழும்போதெல்லாம் அவன் அம்மா என்னன்னு நினைப்பா? கால் தட்டுச்சா, இல்ல தொடங்கிருச்சான்னு. வருஷக்கணக்கா. நமக்குத் தெரியாம இருந்தா நமக்குத்தான் நிம்மதி. அவளுக்கு இல்ல."

அவர் கிளம்பும்போது திரும்பி, "எனக்கும் ஆசையா இல்ல, பிலோ" என்றார்.

கடைசிக் குழாயைத் திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்து, வெந்நீர்த் தொட்டியில் ஆட்டி உருக்கினேன். ஒரு சின்ன ஐஸ் துண்டு மிதக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். முழுக்க உருகவிட்டால் செல்லுக்குக் கேடு. பிழைத்து ஒட்டியதைப் பெருக்க வாரங்கள் எடுத்தன. இந்த முறை பழைய அளவை நம்பவில்லை. அவள் செல்களில் கொஞ்சத்தைச் சின்னச் சின்னக் குழித் தட்டில் பிரித்து, முதல் குழிக்கு மருந்தே இல்லாமல், அடுத்ததற்குத் துளி, அதற்கடுத்ததற்கு இன்னும் கொஞ்சம் என்று ஏற்றிக்கொண்டே போனேன். எந்தெந்தக் குழியில் ஒன்றுகூட மிஞ்சவில்லையோ, அவற்றில் மிகக் குறைந்த அளவு எதுவோ, அதுதான் நாங்கள் தேடியது. ஆரோக்கியமான செல்லுக்குக் கொடுப்பதில் பாதிகூட வரவில்லை.

அதைத் தேடுவதற்காக அவளுடைய செல்களில் கொஞ்சத்தைக் கொன்றேதான் ஆக வேண்டும். இதே வேலையை எத்தனையோ தடவை செய்தவள். அன்று ஒவ்வொரு துளியையும் எண்ணி விட்டேன்.

பிறகு மூன்று தட்டு வைத்தோம். ஒன்றுக்கு நல்ல மரபணு. இன்னொன்றுக்கு மருந்தைத் தாங்கும் சக்தி மட்டும், நல்ல மரபணு இல்லாமல். குமிழி மறைந்தால் அது வைரஸாலோ மருந்தாலோ மறையவில்லை என்று காட்ட அந்தத் தட்டு. மூன்றாவதற்கு மருந்து மட்டும்.

மருந்து ஊற்றும் நாளில் கையுறைக்கு மேல் ஆல்கஹால் தெளித்துவிட்டு உட்கார்ந்தேன். காற்று வடிகட்டும் பெட்டி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. தீனி இளஞ்சிவப்பாக இருக்கும், பன்னீர் சோடா மாதிரி. புரோமைசினுக்கு நிறமில்லை, கலந்தால் ஒரு மாற்றமும் தெரியாது. தட்டின் சுவரோரமாகச் செல்லின் மேல் நேராக விழாதபடி விட்டேன். மூன்றாவது தட்டுக்கு வந்தபோது, அடக்கம் பண்ணி மண் ஈரம்கூடக் காயாத பிள்ளை என்ற நினைப்பு வந்தது. டாக்டர் பின்னால் நின்றார். நான் தட்டை மூடியதும் என் தோளில் கை வைத்தார். அத்தனை வருடத்தில் அந்த ஒரு தடவைதான்.

முடிவு பார்க்கும் காலை வந்தது. இன்குபேட்டரிலிருந்து மூன்றையும் எடுத்து வைத்தேன்.

"செத்ததை முதல்ல காட்டு."

மூன்றாவது தட்டு. அவர் ஓரத்திலிருந்து ஓரம்வரை, ஒரு மூலை விடாமல் நகர்த்திப் பார்த்தார். ஒன்றுகூட ஒட்டியிருக்கவில்லை. பிறகு நல்ல மரபணு இல்லாத தட்டு. செல்கள் பிழைத்திருந்தன, உள்ளே அதே குமிழிகள். கடைசியாக நல்ல மரபணு போன தட்டு. அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு விலகி, "நீ பாரு" என்றார்.

அங்கங்கே திட்டுத்திட்டாகப் பிழைத்திருந்தன. நீளமாக, கூராக, உள்ளே தெளிவாக. குமிழி இல்லை. கீர்த்தனாவின் செல்லை அந்த அழகில் நான் பார்த்ததே இல்லை. வேறு நாளாக இருந்தால் கைதட்டியிருப்போம்.

டாக்டர் கை கழுவும் தொட்டிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றார். கையை நனைக்கவில்லை. பிறகு தண்ணீரை மூடிவிட்டு வந்து, எந்தத் தட்டு எது என்று தெரியாத இரண்டு பேரைக் கூப்பிட்டுக் குமிழியை எண்ண வைத்தார். சாயமேற்றிப் பார்த்தோம். பெருக்கியதில் மிஞ்சியிருந்த செல்களை வைத்து மறுபடியும் ஒருமுறை ஆரம்பத்திலிருந்து செய்தோம். எத்தனை விதமாகப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. பிழைத்தவற்றில் ஒரு பங்கை உறையவைத்தேன்.

சொல்லும் நாளில் மருத்துவர், டாக்டர் ஜமீலா, நான் மூவரும் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்தோம். தேவகி நுழைந்ததும் மருத்துவரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க வேண்டிக்கலையாக்கா?" என்றாள்.

மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்ல வேண்டும். சேகர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவின் தரையில் உட்கார்ந்து என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடித்தேன். எலும்பு மஜ்ஜை பற்றியும் சொன்னேன், அதில் உயிருக்கு இருக்கும் ஆபத்தையும் மறைக்கவில்லை.

தேவகி கேட்டாள். "அந்தக் கொமிழி போயிருச்சுன்னு சொன்னீங்களே. முழுசாவா?"

"முழுசா. நல்ல பிள்ளையோட செல்லு மாதிரியே இருக்கு."

"அப்ப எம்புள்ள ஒரு தட்டுலயாச்சும் குணமாயிருக்கா" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சேகர் அப்போதுதான் அழத் தொடங்கினார். அவர் அழுத சத்தத்தில் கவின் பயந்து என் மடியில் ஏறிக்கொண்டான்.

கோலாலம்பூரில் கவினுக்குச் சிகிச்சை நடந்தது. முழுசாகப் பொருந்தும் ஆள் கிடைக்கவில்லை. பாதி பொருந்திய தேவகியின் மஜ்ஜையையே வைத்தார்கள். வாயெல்லாம் புண், தோல் உரிந்தது, காய்ச்சல் விடவில்லை. இரண்டு முறை பிழைக்க மாட்டான் என்று சொல்லிவிட்டார்கள். பிழைத்தான். மருந்துகளில் ஒரு காது கேட்காமல் போனது. ஓட்டம் மற்றப் பிள்ளைகள் மாதிரி இல்லை. இப்போது தமிழ்ப்பள்ளிக்குப் போகிறான், வகுப்பில் முதல் வரிசையில் உட்காரவைக்கிறார்கள். நோய் நின்றுவிட்டதா, மெதுவாகத்தான் வருகிறதா என்று இன்றுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. தேவகி இன்னமும் அவன் நடக்கும்போது கால்களைத்தான் பார்க்கிறாள்.

நான் ஓய்வு பெறும் வருடத்தில் அந்த ஆராய்ச்சியும் முடிவுக்கு வந்தது. மிஞ்சிய செல்களை அழித்துவிட வேண்டும் என்பது விதி. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "அவகிட்ட சொல்லாம கொட்ட வேணாம், பிலோ" என்றார். தேவகிக்குப் போன் செய்தேன். "ஒரு தடவ பாக்கலாமாக்கா?" என்று கேட்டாள். டாக்டர் சரி என்றார்.

அவள் வரும் நாளைக் கணக்குப் பார்த்து ஒரு குழாயை உருக்கி வளர்த்தேன். தேவகி தனியாக, பஸ்ஸில் வந்தாள். வெள்ளை மேலங்கியை மாட்டிவிட்டு, நாற்காலியின் உயரத்தை ஏற்றி, மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரவைத்தேன். முதலில் அவள் இமைதான் அவளுக்குத் தெரிந்தது. "கொஞ்சம் தள்ளி வச்சுப் பாரும்மா" என்றேன். பார்த்துவிட்டாள். அவள் முதுகு நிமிர்ந்ததில் எனக்குத் தெரிந்தது.

"நெத்திலி மாதிரி இருக்குக்கா."

"ஆமா."

"இதுதான் மருந்துல தப்பிச்சதா?"

"இதுதான்."

தட்டை அவளே மெல்ல நகர்த்திப் பார்த்தாள். எப்படி நகர்த்துவது என்று காட்டியிருந்தேன். "இங்க சிலது தட்டையா, அகலமா கெடக்கே. இதுக்கும் சீக்கா?"

"சீக்கு இல்லம்மா. தோல் செல்லு இத்தனை தடவதான் பெருகும்னு ஒரு அளவு இருக்கு. அது முடிஞ்சா இப்படி அகலமாயிரும். இனிமே பெருகாது." வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னேன். "வயசாயிருச்சு."

அவள் கண்ணை எடுக்கவில்லை.

"வயசாயிருச்சா?"

"ஆமாம்மா."

"அஞ்சு வயசுல போனவக்கா." குரல் உடையவில்லை. ஏதோ நல்ல சேதி கேட்டவள் மாதிரி இருந்தது. "எம்பொண்ணுக்கு வயசாயிருச்சா?"

கையை நீட்டி, பார்க்காமலே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையால் தட்டை நகர்த்தி, அந்த அகலமான செல்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் பார்த்தாள்.

டாக்டர் ஜமீலா கதவருகே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தேவகியிடம் நாங்கள் இருவரும் சொல்லவில்லை.